கேஸ் ஷீட்டில் இல்லாத ஸ்டூல்

நீலகிரி மலையிலேயே ஒரு தனியார் மருத்துவமனையில், நடு ராத்திரியில் மகள் பிறந்தாள். எடை 4.2 கிலோ. தலை வெளியே வந்துவிட்டது, தோள் சிக்கிக்கொண்டது. ஒரு சிஸ்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி நின்று, முழங்கையால் என் மேல்வயிற்றை அழுத்தினார். கீழே டாக்டர் தலையைப் பிடித்து இழுத்தார். ஸ்டூலின் கால் தரையில் உரசிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. குழந்தை அழுதாள். ஆனால் வலது கை அசையவே இல்லை.

"தானா சரியாயிடும் கண்ணு" என்றார் மாமியார். கோவையில் காட்டியபோதுதான் கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புகள் இழுபட்டிருப்பது தெரிந்தது. எர்ப்ஸ் பால்சி என்றார்கள். அன்றே பிசியோதெரபி ஆரம்பித்தோம்.

போலீசில் புகார் கொடுக்கலாம் என்று அண்ணன் துடித்தான். ஊட்டியில் எங்களுக்குத் தெரிந்த வக்கீல் அக்காதான் நிறுத்தினார். 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை எடுத்துக்காட்டினார்: மருத்துவர் மேல் குற்ற வழக்கு நிற்க வேண்டுமானால் சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிக மோசமான அலட்சியமாக இருக்க வேண்டும். "நமக்கு நுகர்வோர் ஆணையம்தான் சரி. முதல்ல கேஸ் ஷீட்டை வாங்குங்க, முழுசா" என்றார்.

அந்த 'முழுசா' என்ற சொல்தான் எங்களைக் காப்பாற்றியது. மருத்துவமனையில் டிஸ்சார்ஜ் சம்மரியே போதும் என்று சொல்லிப் பார்த்தார்கள். அதில் 'சுகப்பிரசவம்' என்பதோடு சரி, தோள் சிக்கியது பற்றி ஒரு வரிகூட இல்லை. என் கணவர் கடிதம் எழுதிக் கொடுத்து, நகலில் சீல் போடும்வரை அங்கேயே நின்றார். கேட்ட 72 மணி நேரத்துக்குள் பதிவுகளைக் கொடுக்க வேண்டும் என்று மருத்துவ கவுன்சிலின் 2002 விதிமுறை சொல்கிறது. மூன்றாம் நாள் 41 பக்கம் கிடைத்தது.

குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்து படித்தேன். தலை வெளிவந்த நேரம் இல்லை, தோள் வெளிவந்த நேரம் இல்லை, ஸ்டூலும் இல்லை. 29ஆம் பக்கம் மறுநாள் காலை ஷிப்ட் சிஸ்டர் எழுதிய குறிப்பு. 'மேல்வயிற்றில் கன்றிய தடம், பிரசவத்தின்போது அழுத்தியதால்.' யாரென்று முகம்கூட நினைவில்லை. நேர்மையாக எழுதி வைத்த அந்தப் பெண்ணை நினைக்காத நாளில்லை.

பிரச்சினை நடந்து இரண்டு வருஷத்துக்குள் நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்துவிட வேண்டும். நாங்கள் 14ஆம் மாதம் கொடுத்தோம். கட்டிய பில் ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. (எல்லோருக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை என்றால் உச்ச நீதிமன்றத்தின் 1995 தீர்ப்பின்படி இந்த வழி கிடையாது, வேறு நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.) அப்புறம் கைக்குழந்தையோடு வாய்தாவுக்கு வாய்தா, கட்டபெட்டு மூடுபனியில் ஊட்டி பஸ்.

'அவசர நிலை, சில நிமிடங்களில் உயிரைக் காப்பாற்றினோம்' என்று மருத்துவமனை பதில் போட்டது. அது உண்மை, அதை நான் மறுக்கவே இல்லை. தோள் சிக்குவதை எப்போதும் முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியாது, அது யார் தப்பும் இல்லை. ஆனால் அதே அவசரத்தில் பயிற்சி பெற்ற ஒரு மருத்துவர் என்ன செய்திருப்பார் என்றுதான் சட்டம் பார்க்கிறது. தாயின் கால்களை மடக்கி வயிற்றோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும், அடிவயிற்றில் இடுப்பெலும்புக்குச் சற்று மேலே அழுத்த வேண்டும். மேல்வயிற்றை அழுத்தவே கூடாது, அழுத்தினால் தோள் இன்னும் இறுகும். சாட்சி சொன்ன மகப்பேறு நிபுணர் இதைத்தான் சொன்னார். அவர் கையில் 29ஆம் பக்கம் இருந்தது.

தோள் சிக்கியதற்கு மருத்துவமனை பொறுப்பில்லை, மேல்வயிற்றை அழுத்தியதும் அதைப் பதிவிலிருந்து விட்டதும் சேவைக் குறைபாடு என்று உத்தரவு வந்தது. அவர்கள் மேல்முறையீடு போயிருக்கிறார்கள். அதற்கு உத்தரவுத் தொகையில் பாதியை முன்பே கட்ட வேண்டும், கட்டிவிட்டார்கள். வழக்கு இப்போது சென்னையில், மாநில ஆணையத்தில் இருக்கிறது.

மகள் வலது கையைத் தோள்வரை தூக்குகிறாள். ரிப்பன் கட்ட மட்டும் என்னிடம் வருகிறாள்.