ஆம்ஸ்டர்டாம்காரனும் நானும்

என் உத்தியோக காலத்தில் பாதிக்கு மேல் ஒரே ஆளோடு கழிந்தது. பெயர் 3டி7. மலேரியா ஒட்டுண்ணிகளில் மிகக் கொடியதான பிளாஸ்மோடியம் பால்சிபாரத்தின் ஆய்வக வகை. இந்த ஆராய்ச்சி நடக்கிற ஊரிலெல்லாம் அவன் இருப்பான். 2002இல் முழு மரபணுத் தொகுதியும் படிக்கப்பட்டது அவனுடையதுதான். பூர்வீகம் ஆம்ஸ்டர்டாம். ஸ்கிபோல் விமான நிலையத்துக்கு அருகில் குடியிருந்த, நெதர்லாந்தை விட்டே வெளியே போகாத ஒருவரின் ரத்தத்திலிருந்து 1980 வாக்கில் எடுத்த ஒட்டுண்ணியின் வாரிசு. ஆப்பிரிக்காவிலிருந்து ஏதோ ஒரு கொசு டிக்கெட் வாங்காமல் விமானத்தில் வந்து இறங்கியிருக்க வேண்டும் என்பார்கள்.

பிஎச்டி சேர்ந்த முதல் வாரமே சீனியர் அக்கா சொல்லிவிட்டார்: "கல்யாணமோ காதுகுத்தோ, இவனைக் கேட்டுட்டுத்தான் ஊருக்கு டிக்கெட் போடணும்." சிவப்பணுவுக்குள் நுழைந்து, மோதிரம் போல் இருந்து, தின்று கொழுத்து, பதினாறு இருபதாகப் பிரிந்து, அணுவை உடைத்துக்கொண்டு வெளியே வர அவனுக்கு 48 மணி நேரம். எல்லாரையும் ஒரே வயதில் வைக்கச் சார்பிட்டால் கரைசலை ஊற்றுவோம். முற்றியவை வெடித்துச் செத்துப்போகும், இளசுகள் பிழைக்கும். அப்புறம் கணக்குப் போட்டால், அடுத்த உடைப்பு எப்படியும் ராத்திரி இரண்டு மணிக்குத்தான் வந்து விழும். மூன்று தீபாவளிகளுக்கு நான் வீட்டில் இல்லை.

உடலுக்கு வெளியே இவனைத் தொடர்ந்து வளர்க்கலாம் என்று 1976இல் காட்டியவர்கள் நியூயார்க்கின் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் இருந்த டிரேகரும் ஜென்சனும். அவர்களின் சூட்சுமம் ஒரு மெழுகுவத்தி. எங்கள் ஆய்வகத்திலும் இவனுக்கான கேஸ் சிலிண்டர் தீர்ந்துபோன வாரங்களில் அதே வழிதான். கண்ணாடி ஜாடிக்குள் தட்டுகளை அடுக்கி, மெழுகுவத்தி ஏற்றி மூடிவிட வேண்டும். சுடர் தானாக அணையும்போது உள்ளே ஆக்சிஜன் இவனுக்குப் பிடித்த அளவுக்குக் குறைந்திருக்கும். வீட்டில் விளக்கு அணைந்தால் அம்மா பதறுவாள். எனக்கோ அணைந்தால்தான் நிம்மதி.

இரண்டாம் ஆண்டில் ஒரு கூத்து நடந்தது. 3டி7க்குக் குளோரோகுயின் என்ற மலேரியா மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுத்து, எதிர்ப்பு எப்படி உருவாகிறது என்று பார்க்கும் வேலை. நான்கு மாதம் இழுத்தது. ஒருநாள் ஸ்லைடை ஜீம்சா சாயத்தில் நனைத்துப் பார்த்தால், 100 நானோமோலார் அளவு மருந்தில் செத்திருக்க வேண்டியவன் நீலமும் சிவப்புமாகச் செழித்து நிற்கிறான். அன்றைக்கே ஊருக்குப் போன் போட்டு, பெரிதாக ஏதோ கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்லிவிட்டேன். கைடு அசையவில்லை. "முதல்ல அவன் யாருன்னு பாரும்மா" என்றார். வெளியுலகத்திலேயே அந்த எதிர்ப்பு லேசில் வரவில்லை. மருந்தைக் கோடிக்கணக்கானவர்களுக்குக் கொடுத்து, பத்தாண்டுக்கு மேல் ஆன பிறகு, 1950களின் கடைசியில்தான் தாய்லாந்து, கம்போடியா எல்லையிலும் கொலம்பியாவிலும் தலைகாட்டியது. என் பிளாஸ்கில் நான்கு மாதத்தில் வந்துவிடுமா என்பது அவர் சந்தேகம்.

பிசிஆர் என்ற மரபணுச் சோதனை செய்து பார்த்தேன். ஜெல்லில் தெரிந்தது 3டி7 இல்லை. பக்கத்துத் தட்டில் வளர்ந்துகொண்டிருந்த டிடி2. தென்கிழக்கு ஆசிய வம்சம், பிறவியிலேயே குளோரோகுயினுக்கு அசராதவன். எப்போதோ ஒரு பிப்பெட்டில் ஒரு துளி மாறியிருக்கிறது. நான் மருந்து ஊற்ற ஊற்ற வீட்டுக்காரன் செத்தான், விருந்தாளி பெருகினான். கை என்னுடையதுதான், யாரையும் குறை சொல்ல முடியாது. அன்றிலிருந்து ஒரே நேரத்தில் இரண்டு வகைகளை வெளியே எடுத்ததில்லை. என் மாணவர்கள் இதைப் பாட்டியின் மடி ஆசாரம் என்று கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

பிறகு வெளிநாட்டில் இரண்டு போஸ்ட்டாக், திரும்பி வந்து வேலை, நிதிக்கு எழுதிய விண்ணப்பங்கள், திரும்பி வந்த விண்ணப்பங்கள். அதெல்லாம் எல்லாருக்கும் உள்ளதுதான்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது: இவ்வளவுக்கும் பிறகுதான் மலேரியா வந்த ஒரு மனிதரைப் பக்கத்தில் பார்த்தேன். சென்னையில் ஒரு மலேரியா கிளினிக், ரத்த மாதிரி வாங்கப் போயிருந்தேன். இங்கே அதிகம் வருவது வைவாக்ஸ் என்ற இன்னொரு மலேரியா ஒட்டுண்ணி. மொட்டைமாடித் தொட்டியிலும் கிணற்றிலும் முட்டையிடும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி கொசு பரப்புவது. வைவாக்ஸ் அன்று பிறந்த இளம் சிவப்பணுவைத்தான் தேடும். அதனால் அதை 3டி7 போல ஆண்டுக்கணக்கில் பிளாஸ்கில் வளர்க்க இன்னும் யாருக்கும் கைவரவில்லை. என் இருபது வருட கைப்பழக்கம் அங்கே செல்லாக்காசு.

கட்டட வேலைக்காரர் ஒருவர், முப்பது வயதிருக்கும், பெஞ்சில் போர்வையை மடித்து மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். மே மாதம். போர்வை எதற்கு என்று கேட்டேன்.

"ஒரு நாள் விட்டு ஒரு நாள் மேடம். கரெக்டா மூணு மணிக்கு வரும்."

முறைக்காய்ச்சல் என்று பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். முறை என்பது அந்த 48 மணி நேரம்தான், சிவப்பணுக்கள் மொத்தமாக உடைகிற நேரத்தில்தான் குளிர் தூக்கிப்போடும் என்பதெல்லாம் பாடமாக எனக்குத் தெரியும், வகுப்பில் படம் போட்டே விளக்கியிருக்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்குக் கொட்டாவி விட்டபடி நான் காத்திருந்த அதே உடைப்புக்காக, இவர் போர்வையோடு வந்து காத்திருக்கிறார்.

டெக்னீஷியன் விரல் நுனியில் குத்தி ஸ்லைடில் ரத்தத்தைத் தொட்டார். சுவர்க் கடிகாரத்தில் மணி 2.40. கட்டட வேலைக்காரர் போர்வையைப் பிரிக்க ஆரம்பித்தார். நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன்.