பில் யாருடைய பெயரில்?

மட்டக்களப்பு நகரில் ஒரு சின்ன அச்சகத்தில் பதினொரு வருடம் பில் எழுதினேன். கலியாண அட்டை, திருவிழா நோட்டீஸ், 31ஆம் நாள் நினைவு மலர் எல்லாம் வரும். பெயர் கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள். தேர்தல் வேலை வந்தால் மட்டும் அந்தச் சாதாரணக் கேள்விக்குப் பதில் வராது.

2020 பொதுத் தேர்தல் நேரம். ஒரு வேட்பாளரின் படத்தைப் பென்டிரைவில் கொண்டுவந்தவர் வேட்பாளருமில்லை, கட்சிக்காரருமில்லை. கொங்கிறீட் வீதி போடுகிற கொந்தராத்துக்காரர். கறுப்புச் சொப்பிங் பையிலிருந்து காசை எடுத்து, எச்சில் தொட்டு இரண்டு தரம் எண்ணி மேசையில் வைத்தார்.

"ஐயா, பில் யாருடைய பேரில எழுத?"

"பில் எதுக்கு மனே? வேலையை முடி, மறுகா பாப்பம்."

துண்டில் தொகையை மட்டும் எழுதி ஆணியில் குத்தினேன். பெயர் இடம் வெறுமை.

தேர்தல் போஸ்டரின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும், பார்த்திருப்பீர்கள். அச்சிட்டவர் பெயர், வெளியிட்டவர் பெயர், விலாசம். சட்டம் கேட்பது அவ்வளவுதான். காசு கொடுத்தவருக்கு அதில் இடமில்லை. அந்த வரியை நானே எத்தனையோ தரம் எழுத்துப் பிழை பார்த்திருக்கிறேன்.

இவ்வளவு காசு ஏன் தேவை என்பது கடையில் இருந்தபோதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் மாவட்டத்துக்கு 5 ஆசனம். ஒரு கட்சி 8 பேரை நிறுத்தும். வாக்காளர் கட்சிக்கு வாக்குப் போட்டுவிட்டு, அதன் பட்டியலில் தான் விரும்பும் ஆட்களுக்கு 3 விருப்பு வாக்கும் போடலாம். 1989 முதல் இதுதான் கணக்கு. ஆகவே ஒருவர் மற்றக் கட்சியோடு மட்டுமல்ல, தன் பட்டியலிலேயே இருக்கிற ஏழு பேரோடும் மோத வேண்டும். அதுவும் ஒரு தொகுதிக்குள் இல்லை, வாகரையிலிருந்து துறைநீலாவணை வரைக்கும். ஒரே கட்சியின் இரண்டு பேருடைய ஆட்கள் ஒரே நேரத்தில் கடைக்கு வந்துவிட்டால் எங்களுக்குத்தான் கஷ்டம். மற்றவர் எத்தனை அடிக்கிறார் என்று மெஷின் பக்கம் எட்டிப் பார்ப்பார்கள். அடுக்கின்மேல் பழைய பேப்பரை விரித்து மூடிவிடுவோம். சொந்தக் காசில் இந்த ஓட்டம் ஓட எத்தனை பேரால் முடியும்?

2023இல் தேர்தல் செலவை ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்தது. 2024 ஜனாதிபதித் தேர்தலில் வேட்பாளர் செலவழிக்கக்கூடியது ஒரு வாக்காளருக்கு 109 ரூபாய் என்று தேர்தல் ஆணைக்குழு உச்சவரம்பு வைத்தது. முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் கணக்கு கொடுக்க வேண்டும், நன்கொடை தந்தவர் விபரமும் வேண்டும். நல்ல சட்டம், குறை சொல்ல மாட்டேன். எங்கள் கடையில் நடந்தது என்னவென்றால், அதுவரை பில்லே வேண்டாம் என்றவர்கள் பில் கேட்டு வந்தார்கள். ஐம்பதாயிரம் அடித்த வேலைக்கு இருபதாயிரத்துக்கு ஒரு பில்! முதலாளி என்னைப் பார்த்தார். எழுதினேன். கார்பனை வைத்து, வழக்கமான கையெழுத்தில். அன்றைக்கு வீட்டுக்குப் போய் யாரிடமும் சொல்லவில்லை.

சரி, கொந்தராத்துக்காரரிடம் திரும்பி வருகிறேன். அவருடைய வேட்பாளர் வென்றார். ஒரு வருடத்துக்குமேல் கழித்து, ஒரு வீதித் திறப்பு விழா அழைப்பிதழோடு கடைக்கு வந்தார். அந்த வீதி வேலை எப்படி அவர் கைக்கு வந்தது என்று எனக்குத் தெரியாது. கேள்விப்பத்திரம் போட்டு ஒழுங்காகவே எடுத்திருக்கலாம். கொந்தராத்துக்காரர் எல்லோரும் அப்படித்தான் என்று சொல்லவும் மாட்டேன், கடையிலேயே நேர்மையானவர்களைக் கண்டிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு அவர் உட்கார்ந்த விதமே வேறு. கதிரையை இழுத்து கம்பியூட்டருக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். பிரதம அதிதியின் படம் மேலே. அதற்குக் கீழே தன் பெயர்.

"இன்னும் கொஞ்சம் பெருசாக்கு மனே."

ஆக்கினேன். இன்னும் ஒரு தரம் சொன்னார், ஆக்கினேன். காசை எண்ணி வைத்துவிட்டு எழும்பாமல் இருந்தார்.

"என்ன ஐயா?"

"பில் தா. கொம்பனி பேரில எழுது."