பேரு, ஊரு, அப்புறம் ஓபி சீட்டு

போன வாரம் ஒரு பொண்ணு, ஆஸ்பத்திரி சாஃப்ட்வேர் ஒண்ணை எல்லாருமா சேர்ந்து எழுதற ஓப்பன்எம்ஆர்எஸ் கம்யூனிட்டிக்குப் புதுசா வந்து தன்னை அறிமுகப்படுத்திக்கிட்டா. நாலே வரிதான். பேரு, எந்த காலேஜு, எத்தனாவது வருஷம், ஜாவா தெரியும் ரியாக்ட் தெரியும் பைத்தான் கொஞ்சம் தெரியும், உங்களோட சேர்ந்து வேலை செய்ய ஆசையா இருக்கு எங்க ஆரம்பிக்கணும்னு சொல்லுங்க. எல்லாம் முடிச்சிட்டு கடைசில, எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சு எழுதுன மாதிரி ஒரு வரி. எங்கம்மா கவர்மெண்ட் ஆஸ்பத்திரில ஸ்டாஃப் நர்ஸ்.

அட, இதை முதல்லயே சொல்லிருக்கலாமேம்மான்னு எனக்கு வாய்விட்டே வந்துடுச்சு. அன்னைக்குலேர்ந்து இதைப் பத்தி எழுதணும்னு மனசுல ஓடிட்டே இருந்துச்சு, இன்னைக்குதான் நேரம் கெடைச்சுது.

தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிடுறேன். ஓப்பன்எம்ஆர்எஸ்னா ஆஸ்பத்திரில நோயாளிங்களோட ரெக்கார்டை வச்சுக்கற சாஃப்ட்வேர், யார் வேணா எடுத்து ஓட்டலாம், மாத்தலாம், காசு கெடையாது. கென்யாவுல எல்டோரெட்ங்கற ஊரைச் சுத்தி வளந்தது இது. அங்க மோய் யுனிவர்சிட்டியும் அமெரிக்காவுல இண்டியானா யுனிவர்சிட்டியும் சேர்ந்து வேலை பாத்துட்டு இருந்தாங்க, மொசோரியட்னு ஒரு சின்ன ஹெல்த் சென்டர்ல 2001ல மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ்ல ஒரு ரெக்கார்ட் சிஸ்டம் ஓட ஆரம்பிச்சுது. அப்புறம் எச்ஐவி சிகிச்சைக்கு வர்ற கூட்டம் கூடிட்டே போக, இந்த ஆக்சஸ் தாங்காதுன்னு ஆயிடுச்சு. 2004ல இண்டியானாவுல இருக்கற ரீகன்ஸ்ட்ரீஃப் இன்ஸ்டிடியூட்னு ஒரு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துலேர்ந்து பால் பயாண்டிச், பர்க் மாம்லின்னு ரெண்டு டாக்டருங்க அங்க போயி பாத்துட்டு, ஒட்டுப் போட்டு பிரயோஜனம் இல்ல, அடிலேர்ந்து புதுசா கட்டுவோம்னு உக்காந்தாங்க. பார்ட்னர்ஸ் இன் ஹெல்த்ங்கற தொண்டு நிறுவனமும் தென்னாப்பிரிக்காவோட மெடிக்கல் ரிசர்ச் கவுன்சிலும் சேர்ந்துக்கிட்டாங்க, 2006 பிப்ரவரில எல்டோரெட்ல முதல் தடவையா ஓட ஆரம்பிச்சுது. நம்ம நாட்டுல பாம்னின்னு ஒண்ணு இருக்கு, சத்தீஸ்கர்ல பிலாஸ்பூர் பக்கம் கனியாரில ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக்னு ஒரு ஆஸ்பத்திரிக்காக தாட்வொர்க்ஸ்ங்கற சாஃப்ட்வேர் கம்பெனி ஆளுங்க கட்டுனது, அதுக்கும் அஸ்திவாரம் இதே ஓப்பன்எம்ஆர்எஸ்தான்.

ஆக இது ஆஸ்பத்திரிக்குள்ள நின்னு பாத்தவங்க ஆரம்பிச்ச வேலை. அதனாலதான் புதுசா வர்றவங்க தனக்குத் தெரிஞ்ச லாங்குவேஜ் பேரை மட்டும் சொல்லிட்டு நின்னுடறதைப் பாத்தா எனக்கு மனசு கேக்க மாட்டேங்குது. ஜாவா தெரிஞ்சவங்க அங்க நிறைய பேர் இருக்காங்க. சங்கரன்கோவில் பக்கத்துலேர்ந்து காலைல பஸ் ஏறி வர்ற ஒரு பாட்டி ஆஸ்பத்திரி கவுன்ட்டர்ல என்ன சொல்லுவாங்கன்னு தெரிஞ்சவங்க ரொம்பக் கம்மி.

நான் ரெண்டு வருஷம் அந்த கவுன்ட்டர்ல உக்காந்தவ. தென்காசிப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, பேரு வேண்டாம். பிஎஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ் முடிச்சிட்டு வீட்டு நெலமைக்காக உடனே கெடைச்ச வேலைல சேந்தேன், ஓபி சீட்டு போடுறது. காலைல ஏழு மணிக்கே ஜன்னல் முன்னாடி கூட்டம் நிக்கும். பேரு சொல்லுங்க, வயசு சொல்லுங்க, ஊரு சொல்லுங்க, இதுக்கு முன்ன வந்துருக்கீங்களா. நாள் முழுக்க இதேதான். வயசு கேட்டா, அது இருக்கும்மா அம்பது அறுவது நீயே போட்டுக்கோ, அப்படிம்பாங்க. மூத்தவன் பொறக்கறப்ப எனக்கு இருவது, அவனுக்கே இப்ப முப்பத்தெட்டு ஆவுதுன்னு சொல்லுவாங்க, நான் மனக்கணக்கு போட்டு எழுதிக்குவேன். ஆனா அங்க இருந்த சாஃப்ட்வேருக்கு முழுசா பொறந்த தேதி குடுத்தாதான் அடுத்த பக்கம் போவும். அதனால எல்லாருக்கும் ஜனவரி ஒண்ணாம் தேதி. எங்க ஆஸ்பத்திரி ரெக்கார்டுபடி பாத்தா அந்தத் தாலுகாவுல பாதி சனம் ஜனவரி ஒண்ணாம் தேதிதான் பொறந்துருக்கும், அதுல எது நெஜம் எது நான் போட்டதுன்னு பின்னாடி யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. ஓப்பன்எம்ஆர்எஸ்ல பொறந்த தேதிக்குப் பக்கத்துலயே இது சரியான தேதியா தோராயமான்னு தனியா ஒரு குறிப்பு வச்சுருக்காங்க. முதல் தடவை அதைப் பாத்தப்ப அந்த ஜன்னல்ல நின்ன மொகமெல்லாம் எனக்கு ஞாபகம் வந்துச்சு.

இன்னொண்ணும் சொல்லணும். எங்க ஃபைல் நம்பர்ல நடுவுல ஒரு இங்கிலீஷ் எழுத்து வரும். சீட்டுல கையால எழுதறது, எஸ்ஸும் அஞ்சும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒரு நாள் முருகேசன்னு ரெண்டு பேரு வந்துருந்தாங்க, ரெண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயசு, ஒருத்தர் சுகர் ரிப்போர்ட் இன்னொருத்தர் ஃபைலுக்குப் போயிடுச்சு. டாக்டர் கண்டுபிடிச்சிட்டாரு, இவருக்கு சுகரே கெடையாதேன்னு அவருக்கு ஞாபகம் இருந்ததால. இல்லேன்னா சுகர் இல்லாத மனுஷனுக்கு சுகர் மாத்திரை போயிருக்கும். அந்த ஐயாவுக்கு இது எதுவும் தெரியாது, போறப்ப என்னைப் பாத்து கும்பிட்டுட்டு போனாரு. அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரல.

ஓப்பன்எம்ஆர்எஸ்ல அவங்களோட நோயாளி நம்பரைப் பாருங்க. பத்து இலக்கமும் இருபது எழுத்தும் மொத்தம் முப்பதுதான் உபயோகம் பண்ணுவாங்க. பி, ஐ, ஓ, கியூ, எஸ், இஸட், இந்த ஆறையும் எடுத்துட்டாங்க. ஏன்னா பி எட்டு மாதிரி, ஐ ஒண்ணு மாதிரி, ஓவும் கியூவும் சைபர் மாதிரி, எஸ் அஞ்சு மாதிரி, இஸட் ரெண்டு மாதிரி. கடைசி எழுத்து முன்னாடி உள்ளதை வச்சுக் கணக்குப் போட்டு வர்றது, நடுவுல ஒண்ணைத் தப்பா அடிச்சா கணக்கு ஒத்து வராது, உள்ள விடாது. இதைப் படிச்சிட்டு நான் ரொம்ப நேரம் சும்மா உக்காந்துருந்தேன். எங்கயோ ஒருத்தர் இந்த எஸ்ஸையும் அஞ்சையும் பத்தி யோசிச்சுருக்காரு பாருங்க, நான் அதுக்காக ஒரு ராத்திரி முழுக்க அழுதுருக்கேன்.

ஆனா நான் கம்யூனிட்டிக்கு வந்தப்ப இதுல ஒரு வார்த்தை சொல்லல. பேரு, படிப்பு, ஜாவா தெரியும், அவ்ளோதான் எழுதுனேன். கவுன்ட்டர் வேலைய சொன்னா கோட் எழுதறவங்க நடுவுல மதிப்பு இருக்காதுன்னு ஒரு நெனப்பு. கென்யாலேர்ந்து ஒருத்தர் நல்வரவு சொல்லிட்டு, இதுக்கு முன்ன என்ன வேலை பாத்தீங்கன்னு சாதாரணமா கேட்டாரு. சொன்னேன். உடனே, அப்ப உங்க ஊர்ல பேரை எப்படிப் பதிவு பண்ணுவீங்க, குடும்பப் பேரு எல்லாருக்கும் உண்டான்னு அடுத்த கேள்வி. அதுக்கு நான் எழுதுன பதில் ரெண்டு பக்கம் வந்துச்சு. எங்க ஊர்ல குடும்பப் பேரு கெடையாது, அப்பா பேரோட முதல் எழுத்து இனிஷியல், கல்யாணம் ஆனா சிலருக்கு வீட்டுக்காரர் பேரோட எழுத்துக்கு மாறும் சிலருக்கு மாறாது, ஒரே பொம்பளை பேங்க் பாஸ்புக்ல ஒரு இனிஷியல் ரேஷன் கார்டுல இன்னொரு இனிஷியலோட இருப்பாங்க, அதனால கடைசிப் பேருங்கற கட்டத்துல நாங்க புள்ளி வச்சுட்டுப் போவோம்னு எல்லாத்தையும் கொட்டுனேன். அன்னைக்குதான் நான் என்னை உருப்படியா அறிமுகப்படுத்திக்கிட்டேன்னு இப்பவும் நெனைக்கிறேன். அதுக்கப்புறம் என்கிட்ட பேச வந்தவங்க எல்லாரும் அதை வச்சுதான் பேச வந்தாங்க.

கூகுள் சம்மர் ஆஃப் கோட்னு, புதுசா வர்றவங்க இந்த மாதிரி ஓப்பன் சோர்ஸ் வேலைகள்ல சேர்ந்து கோட் எழுத கூகுள் உதவித்தொகை குடுக்கற திட்டம் ஒண்ணு இருக்கு. அந்த நேரத்துல வருஷ ஆரம்பத்துல புதுசா வர்றவங்க அலை அலையா வருவாங்க. 2007லேர்ந்து ஓப்பன்எம்ஆர்எஸ் அதுல இருக்கு, இலங்கைலேர்ந்து, முக்கியமா மொறட்டுவ பல்கலைக்கழகத்துலேர்ந்து, எத்தனையோ பேர் அந்த வழியா ஓப்பன் சோர்ஸுக்குள்ள வந்து நல்ல நல்ல வேலை செஞ்சுருக்காங்க. நம்ம பசங்களும் நிறைய வர்றாங்க. அவங்ககிட்ட எனக்குச் சொல்ல இருக்கறது இதுதான். சார் மேடம்னு ஆரம்பிச்சா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க, ஆனா அங்க எல்லாரையும் பேர் சொல்லிதான் கூப்பிடுவாங்க, வயசுல பெரியவங்களையும் அப்படித்தான், ரெண்டு வாரத்துல பழகிடும். தனியா மெசேஜ் அனுப்பி கேக்காதீங்க, எல்லாரும் பாக்கற எடத்துல கேளுங்க, உங்களுக்கு அப்புறம் அதே எடத்துல மாட்டுறவனுக்கும் பதில் கெடைக்கும். எங்க ஆரம்பிக்கணும்னு மட்டும் கேக்கறதை விட, டவுன்லோட் பண்ணேன், டாக்கர்ல (சாஃப்ட்வேரை அதுக்கு வேண்டியதோட ஒரே பொட்டலமா ஓட்டுற கருவி) ஓட்டுனேன், டேட்டாபேஸ் கனெக்ட் ஆவல, இந்த எர்ரர் வருதுன்னு கேட்டுப் பாருங்க, யாராவது ஒருத்தர் உடனே கூட வந்து உக்காருவாங்க. அப்புறம் ஒரு டிக்கெட்டை, அதாவது செய்ய வேண்டிய வேலைன்னு பதிஞ்சு வச்சதை, எடுத்துக்கிட்டா அதை முடிங்க, முடியலேன்னா முடியலன்னு சொல்லி விட்டுடுங்க, அதுல அவமானம் ஒண்ணும் இல்ல. டெவலப்பர்களுக்கு அங்க படி வச்சுருக்காங்க, ஆரம்பப் படிக்கு டெவ் நல்னு பேரு, அப்புறம் டெவ் ஒண்ணு, ரெண்டுன்னு அஞ்சு வரைக்கும் போவும். எல்லாரும் அந்த ஆரம்பப் படில நின்னுதான் ஏறுனாங்க.

இதையும் சொல்லாம விட முடியல. போன வருஷம் ஒரு தம்பி வந்தான், நல்ல கெட்டிக்காரன். தப்பாப் பதிஞ்ச ரெக்கார்டு டேட்டாபேஸ்ல அப்படியே கெடக்கே, சுத்தமா அழிக்கற மாதிரி எழுதித் தரட்டுமான்னு கேட்டான். ஓப்பன்எம்ஆர்எஸ்ல சாதாரணமா எதையும் அழிக்க மாட்டாங்க, செல்லாதுன்னு குறி போட்டு வைப்பாங்க, யாரு எப்ப எதுக்காகக் குறிச்சாங்கன்னும் கூடவே இருக்கும். எதுக்கு அப்படின்னு அவனுக்குப் புரியல. நான் முருகேசன் கதையைச் சொன்னேன். அந்த தப்பான ரிப்போர்ட்டை அன்னைக்கு கிழிச்சுப் போட்டுருந்தா, டாக்டர் அதுக்குள்ள அதைப் பாத்து ஒரு மாத்திரை எழுதியிருந்தா, எதைப் பாத்து எழுதுனாருன்னு நாளைக்கு யாருக்குத் தெரியும். கொஞ்ச நேரம் பதிலே இல்ல, அப்புறம் எங்க தாத்தாவுக்கும் இதே மாதிரி ஒண்ணு நடந்துச்சுக்கான்னு ஆரம்பிச்சான். பாருங்க, அவன்கிட்டயும் இருந்துருக்கு.

அந்தப் பொண்ணுக்கு வர்றேன். அவளுக்கு நான் பதில் எழுதுனேன். வாம்மா, ஜாவா ரியாக்ட் எல்லாம் மெதுவாப் பாத்துக்கலாம், ஓப்பன்எம்ஆர்எஸ்ஸை ஓட்டிப் பாக்க வச்சுருக்கற டெமோவைத் தொறந்து அம்மாவைப் பக்கத்துல உக்கார வச்சு ஒரு நோயாளியப் பதிஞ்சு பாக்கச் சொல்லு, அவங்க எங்க நிக்கறாங்கன்னு மட்டும் குறிச்சு வைன்னு. ரெண்டு நாள் சத்தமில்ல. நேத்து ராத்திரி பதினோரு மணிக்கு மெசேஜ் வந்துச்சு. அம்மா நைட் டூட்டிக்கு கெளம்பறதுக்கு முன்ன உக்காந்துருக்காங்க, பேரு ஊரு எல்லாம் தாண்டிட்டாங்க, காய்ச்சல் போடுற கட்டத்துல நூத்தி ரெண்டுன்னு அடிச்சுருக்காங்க. எடுக்கல. அது சென்டிகிரேடு, 43க்கு மேல ஏத்துக்காது.

"அக்கா, அம்மா கேக்கறாங்க, நாங்க வார்டுல நூத்தி ரெண்டு நூத்தி மூணுன்னுதான் சொல்லுவோம், அவசரத்துல யாரு உக்காந்து மாத்திக் கணக்கு போடுவாங்கன்னு. இதை நான் அங்க கேக்கலாமா?"

கேளும்மா, அம்மா சொன்னதை அப்படியே எழுதுன்னு சொல்லிருக்கேன்.