ஒருமுறை சுட்டால் போதாத செராமிக்

சேலத்தில் மேக்னசைட் செங்கல் சுடுபவர்களுக்குச் சுருக்கமும் விரிசலும் பழகியவை. சிலிக்கன் கார்பைடு இழைத் துணியில் பாலிகார்போசிலேன் (சுட்டால் செராமிக்காக மாறும் பாலிமர்) ஊற்றிச் சுடும்போது அந்தத் தொல்லை பல மடங்கு. பாலிமரின் அடர்த்தி கன செ.மீ.க்கு 1 கிராமை ஒட்டியது. செராமிக் ஆனதும் 2-ஐத் தாண்டும். மிச்ச இடமெல்லாம் துளைதான்.

அந்தத் துளைகளை நிரப்ப, துணியை வெற்றிடத்தில் பாலிமரில் ஊறவைத்து, கெட்டியாக்கி, ஆர்கான் வாயுவில் 1000 டிகிரி செல்சியஸ் வரை சுட்டு, மறுபடி ஊறவைக்கணும். 6 முதல் 10 சுற்று ஆகும். உலையை நிமிடத்துக்கு 1–2 டிகிரிக்கு மேல் ஏற்றாதீங்க. ஏற்றினால் பாலிமரிலிருந்து வரும் வாயு வெளியேற வழியில்லாமல் துணி அடுக்குகள் பிரியும். பாலிமரில் சிலிக்கன் கார்பைடு தூள் கலப்பது முதல் சுற்றுக்கு மட்டும். பின்னால் கலந்தால் மேல்துளை அடைபடும். ஒரு சுற்றில் எடைக் கூடுதல் 1 சதவீதத்துக்குக் கீழே வந்தால் நிறுத்தலாம்.

இழைமேல் போரான் நைட்ரைடு போன்ற பூச்சு இல்லையென்றால் இத்தனை உழைப்பும் வீண்: இழை செராமிக்கோடு ஒட்டிப்போய், விரிசல் நேராக இழையையே அறுத்துவிடும்.