பொய்க் கணக்கு

மலேசியாவில் படிவம் ஐந்தின் முடிவில் எழுதுகிற எஸ்.பி.எம். தேர்வில் நன்னெறிக் கல்விக்கு நான் ஏ வாங்கியவள். நல்லவளாக நடந்துகொண்டதற்கு யாரும் கொடுக்கவில்லை, மனப்பாடத்துக்குக் கிடைத்தது. எங்கள் காலத்தில் மொத்தம் 36 பண்புகள். கடவுள் நம்பிக்கையில் தொடங்கும். ஒவ்வொன்றுக்கும் மலாயில் ஒரு விளக்கம் உண்டு, அதை வரி பிசகாமல் எழுத வேண்டும். முக்கியமான சொல் ஒன்று விட்டுப்போனால் மார்க் போச்சு. பேருந்தில் கர்ப்பிணிக்கு இடம் கொடுக்காமல் உட்கார்ந்தபடியே 'அன்புடைமை'க்கான விளக்கத்தை ஒப்பித்துக்கொண்டு போன ஆட்களை எனக்குத் தெரியும்.

இப்போது பாடத்திட்டத்தை மாற்றி 18 பண்புகளாகக் குறைத்திருக்கிறார்கள். படிவம் ஐந்தில் இருக்கும் என் அண்ணன் மகள் ஒப்பிக்கும் ராகம் மட்டும் மாறவில்லை. ஒரு சம்பவத்தைக் கொடுத்து, இதில் வெளிப்படும் பண்பு எது என்று கேட்பார்களாம். சரி, நானும் ஒரு சம்பவம் தருகிறேன், பண்பைக் கண்டுபிடி என்று அவளிடம் சொன்னேன். அவளுடைய தாத்தாவின் கடையில் நடந்தது அது.

அப்பா பினாங்கில் ஜெலுத்தோங்கில் மளிகைக்கடை வைத்திருந்தார். அரிசி, பருப்பு, நெத்திலி, மண்ணெண்ணெய், காலையில் நாளிதழ். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பழைய மைலோ டின் நிறைய 555 புத்தகங்கள் அடுக்கியிருக்கும். சட்டைப்பையில் அடங்குகிற சின்ன நோட்டு, மலாய்க்காரர்கள் 'பூக்கு தீகா லீமா' (மூன்று ஐந்து புத்தகம்) என்பார்கள். இந்த நாட்டில் கடன் சொல்லிச் சாமான் வாங்கிய எந்தக் குடும்பத்துக்கும் அதை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. வீட்டுக்கு ஒரு புத்தகம். சம்பளம் வந்ததும் கொஞ்சம் கட்டுவார்கள், மிச்சம் அடுத்த பக்கத்துக்குப் போகும்.

அந்த மிச்சம் அடுத்த பக்கத்துக்குப் போகிற இடத்தில்தான் அப்பா வேலையைக் காட்டினார்.

பக்கத்துக் கம்பத்தில் (கிராமத்தில்) ஒரு வயதான அம்மா தனியாக இருந்தார். மகன் சிங்கப்பூரில் வேலை, பணம் வந்தால் வரும். இலவசமாக ஒரு வெங்காயம்கூட வாங்கமாட்டார். "கணக்குல எழுதிக்கோ தம்பி" என்று சொல்லி, அப்பா எழுதுவதைப் பார்த்த பிறகுதான் பையை எடுப்பார். அப்பாவும் ஒழுங்காக எழுதுவார். ஆனால் பக்கம் திரும்பும்போது பழைய பாக்கி சுருங்கிவிடும். நூற்றுப் பத்து வெள்ளி (ரிங்கிட்) மறுபக்கத்தில் அறுபதாக இறங்கும். அந்த அம்மா, "எவ்வளவு தம்பி நிக்குது?" என்று கேட்டால், அப்பா முகத்தில் ஒன்றும் காட்டாமல், "அறுபதுதான் பெரியம்மா, மெதுவா கொடுங்க" என்பார். கணக்காளராக வேலை பார்க்கிற எனக்கு இதற்கு ஒரே ஒரு பெயர்தான் தெரியும். எங்கள் அலுவலகத்தில் யாராவது இப்படி ஒரு பாக்கியை இறக்கினால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவோம்.

அந்த அம்மா இறந்த பிறகு மகன் வந்தார். அம்மாவுக்கு இங்கே கடன் இருக்கும், கட்டிவிட்டுப் போகிறேன் என்றார். அப்பா டின்னைத் துழாவி அவருடைய புத்தகத்தை எடுத்தார். கடைசிப் பக்கத்தில் நாற்பத்து மூன்று வெள்ளி. மகன் ஐம்பதை நீட்டினார். அப்பா ஏழு வெள்ளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் குறுக்கே கோடு போட்டு, புத்தகத்தை அவர் கையிலேயே கொடுத்தார். அவ்வளவுதான். அந்தப் பணத்தைக் கோயில் உண்டியலில் போட்டார் என்று எழுதினால் கதை அழகாக முடியும். அப்படி ஒன்றும் செய்யவில்லை. அரிசி மொத்த வியாபாரிக்குப் பாக்கி இருந்தது, அதற்குப் போயிற்று.

என் அம்மாவுக்கு இன்றைக்கும் ஆறவில்லை. "வாங்குறதா இருந்தா முழுசா வாங்கணும். இல்லேன்னா வேணாம்னு விட்டுடணும். இது என்ன ரெண்டுங்கெட்டான்?" அப்பா உயிரோடு இருந்தவரை இதற்குச் சொன்ன ஒரே பதில், "புத்தகத்துல இருந்ததை வாங்கினேன்."

ஈகை அதிகாரத்தின் முதல் குறளை எடுத்துக்கொள்வோம். 'வறியார்க்கொன்று ஈவதே ஈகைமற் றெல்லாம் குறியெதிர்ப்பை நீர துடைத்து.' இல்லாதவருக்குக் கொடுப்பதுதான் ஈகை, மற்றதெல்லாம் திரும்பி வரும் என்று அளந்து கொடுக்கிற கடன் மாதிரி. 555 புத்தகம் சுத்தமான அளவுக் கடன். ஆனால் அப்பா கொடுத்தது கடன் வேஷம் போட்ட ஈகை. இதை வள்ளுவர் எந்தப் பக்கம் வைப்பார்?

அந்த அம்மாவின் பிடிவாதத்துக்கும் குறளில் இடம் இருக்கிறது. பொருட்பாலில் 'இரவு' என்று ஓர் அதிகாரம், அதாவது பிறரிடம் இரந்து கேட்பது; அடுத்ததே 'இரவச்சம்', அப்படிக் கேட்க அஞ்சுவது. முதல் அதிகாரம் தொடங்கும்போதே, கேட்கத் தகுந்தவரைப் பார்த்தால் கேள், அவர் இல்லை என்று ஒளித்தால் பழி அவருக்கு, உனக்கில்லை என்கிறார். பக்கத்தைத் திருப்பினால், ஒளிக்காமல் மகிழ்ந்து கொடுக்கிற கண் போன்றவரிடம்கூடக் கேட்காமல் இருப்பது கோடி பெறும் என்கிறார். அடுத்த குறளில் கோபம் உச்சிக்கு ஏறி, பிச்சை எடுத்துத்தான் உயிர் வாழ வேண்டும் என்றால் உலகத்தைப் படைத்தவனும் அலைந்து கெட்டுப்போகட்டும் என்று சபிக்கிறார். தமிழ்ப்பள்ளியில் இந்த இரண்டு அதிகாரங்களையும் சேர்த்து யாரும் எனக்குக் காட்டவில்லை. செய்யுள் மொழியணி வகுப்பில் ஒரு குறள், ஒரு பொருள், அடுத்த வாரம் வேறொன்று. தனித்தனியாகப் பிய்த்துப் படித்தால் வள்ளுவர் எல்லாவற்றுக்கும் விடை வைத்திருக்கிற ஹெட்மாஸ்டர் மாதிரித்தான் தெரிவார். அடுத்தடுத்து வைத்துப் படித்தால்தான், மனிதர் தனக்குத்தானே வாதாடுவது கேட்கிறது. எனக்குப் பிடித்தது இந்த வள்ளுவரைத்தான்.

(கடன் என்றாலே 'கடன்பட்டார் நெஞ்சம் போல் கலங்கினான் இலங்கை வேந்தன்' என்று மேடையில் முழங்கி, கம்பன் சொன்னான் என்பார்கள். கம்பராமாயணத்தில் அப்படி ஒரு வரி கிடையாது.)

அப்பா செய்தது பொய் என்பதற்கும் குறள் தயாராக இருக்கிறது. குற்றமில்லாத நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத் தகும் என்கிற 292ஆவது குறள். அப்பாவைப் பற்றிப் பேசும்போது அண்ணன் எப்போதும் இதைத்தான் எடுத்துப்போடுவான். நான் அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்ளமாட்டேன். 'புரைதீர்ந்த' நன்மை என்று அதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. அப்பாவின் தயாளம் எல்லாருக்கும் ஒரே மாதிரி இருந்ததில்லை. கட்டட வேலைக்கு வந்த வங்காளதேசத்துப் பையன்களுக்குப் புத்தகமே கிடையாது, ரொக்கம் மட்டும்தான். "அவனுங்க நாளைக்கு வேற ஊருக்குப் போயிடுவானுங்க" என்பார். அவர் சொன்னது நியாயமான வியாபாரக் காரணம்தான். ஆனால் அவர்களும் பசித்துத்தான் வந்து நின்றார்கள். அதைப் பார்த்தும் அப்பா பார்க்காத மாதிரி இருந்தார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. சுருங்கிய பாக்கியெல்லாம் காற்றில் கரைந்து போகவில்லை. கடையில் கொள்முதலுக்குப் பணம் இடித்த மாதங்களில் அம்மாவின் சங்கிலி அடகுக்கடைக்குப் போய் வந்தது. சுற்றியிருந்தவர்கள் அப்பாவைத் தர்மவான் என்றார்கள். வட்டி கட்டியது அம்மா, வீட்டுச் செலவைக் குறைத்து. அந்த மகனிடம் முழுத் தொகையையும் வாங்கியிருக்க வேண்டும் என்று அம்மா சொல்வதைக் கஞ்சத்தனம் என்று எப்படிச் சொல்வது? ஆனால் முழுத் தொகையைச் சொல்லியிருந்தால், தன் தாய் இத்தனை வருடம் பிறர் தயவில் சாப்பிட்டார் என்பது மகனுக்குத் தெரிந்திருக்கும். பணமே வேண்டாம் என்றிருந்தாலும் அதே கதைதான். நாற்பத்து மூன்று வெள்ளியைக் கறாராக எண்ணி வாங்கி, மீதியும் கொடுத்ததால்தான் அந்த அம்மா கடைசிவரை கடன்காரியாகவே இருந்தார், இரந்தவராக ஆகவில்லை. இந்த ஒரு விஷயத்தில் நான் அப்பா பக்கம். சங்கிலி விஷயத்தில் அம்மா பக்கம். இரண்டையும் சேர்த்து ஒரு தீர்ப்பாக எழுத எனக்குத் தெரியவில்லை, எழுதவும் வேண்டியதில்லை.

அண்ணன் மகள் முழுவதையும் கேட்டுவிட்டு, முதலில் 'நேர்மை' என்றாள். பிறகு அவளே அடித்துவிட்டு, பொய் சொன்னவருக்கு எப்படி நேர்மை வரும் என்று யோசித்தாள். கடைசியில் 'நல்லெண்ணம்' என்று முடிவு பண்ணி, அதற்குரிய மலாய் விளக்கத்தைக் கடகடவென்று ஒப்பித்தாள். ஒரு சொல்கூட விட்டுப்போகவில்லை.

அடுப்படியில் இருந்து அம்மாவின் குரல் வந்தது: "அந்த மார்க்கு யாருக்கு? உங்க தாத்தாவுக்கா, சங்கிலியக் கழட்டிக் கொடுத்த எனக்கா?"