ஒரே துண்டு போன்சோ: இணைப்புக் கோடு இந்த முறை தோளை விட்டு நகரவில்லை

குரோஷேயில் (கொக்கி ஊசிப் பின்னல்) போடும் போன்சோவில் (தலை வழியே மாட்டும், கை இல்லாத மேலாடை) 22 சுற்று முடிந்தது. ஒவ்வொரு சுற்றும் தொடங்கி முடியும் இணைப்புக் கோடு இடது தோளிலேயே நிற்கிறது! இரண்டு முறை முழுசாக அவிழ்த்த பிறகு கிடைத்த பலன்.

8 பிளை (நூலின் தடிமன் அளவு) பருத்தி நூல், 4 எம்.எம். ஊசி, உயரமான கண்ணியான டபுள் குரோஷே 10 செ.மீ.க்கு 16. (அமெரிக்கக் கணக்கில் டபுள். பிரிட்டிஷ் பேட்டர்னில் இதற்கே ட்ரெபிள் என்று பெயர்.) கழுத்துக்கு 96 செயின் (சங்கிலிக் கண்ணி), அதாவது 60 செ.மீ. செயினை மட்டும் 5 எம்.எம். ஊசியில் போட வேண்டும். 4 எம்.எம்.மிலேயே போட்டால் கழுத்து விளிம்பு இழுபடாது, தலை நுழையாது. 25வது, 73வது செயினில் மூலை: 2 டபுள், 2 செயின், 2 டபுள். இரண்டாம் சுற்றிலிருந்து மூலையை அந்த 2 செயின் இடைவெளியிலேயே போட, சுற்றுக்கு 8 கண்ணி கூடும். டபுளை மட்டும் எண்ணினால் முதல் சுற்றில் 102 (மூலைச் செயின் இரண்டின் இடத்தில் 8 டபுள்), பத்தாவதில் 174, இருபதாவதில் 254. எண்ணிக்கை இதிலிருந்து ஒன்று பிசகினாலும் அங்கேயே நிறுத்திப் பாருங்கள்.

இனி அந்த இணைப்பு. டபுளின் தலை (மேல் வளையம்) அதன் தண்டுக்கு நேர் மேலே உட்காராது, வலது கைக்காரர்களுக்குச் சற்று வலப்பக்கம் தள்ளியே உட்காரும். திருப்பாமல் ஒரே திசையில் போட்டுக்கொண்டே போனால் சுற்றுக்குச் சுற்று அந்தச் சாய்வு சேர்ந்து, தோளில் தொடங்கிய கோடு மார்புப் பக்கமோ முதுகுப் பக்கமோ போய்விடும். நான் பிடித்த வழி இது: ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஸ்லிப் ஸ்டிட்ச் (சுற்றை மூடி இணைக்கும் சின்னக் கண்ணி) போட்டதும் துணியைத் திருப்ப வேண்டும். ஒரு சுற்றின் சாய்வை அடுத்த சுற்று சரிக்கட்டிவிடும்.

திருப்பும்போதுதான் அடுத்த சிக்கல். ஸ்லிப் ஸ்டிட்ச்சும் பார்வைக்கு ஒரு கண்ணி மாதிரியே இருக்கும். அதற்குள் ஊசியை விட்டால் சுற்றுக்கு ஒரு கண்ணி அதிகமாகி, பத்து சுற்றில் தோள் புடைத்துக்கொள்ளும். சுற்றின் முதல் டபுள் போட்டவுடன் அதன் தலையில் ஒரு ஊக்கு மாட்டுங்கள். இணைப்பதும் அதில்தான், திருப்பியபின் முதல் டபுள் போடுவதும் அதில்தான். ஏறுவதற்கு 3 செயின் போட்டு அதை ஒரு டபுளாகக் கணக்கு வைத்தால் பக்கத்தில் ஓட்டை விழுகிறது. 2 செயின் போதும், அதை எண்ணவே வேண்டாம்.

நூல் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. 40 சுற்றில் 20 முடிந்தால் பாதி வேலை ஆனதாகத் தோன்றும். கண்ணிக் கணக்குப்படி மூன்றில் ஒரு பங்கு நூல்தான் செலவாகியிருக்கும். இதில் 20 சுற்றுக்கு 170 கிராம் போனது, ஆக மொத்தம் 500 கிராம் வேண்டும். வேலூர் லாங் பஜார் பக்கம் தையல் சாமான் கடைகளில் வாங்கினாலும் சரி, வெளியூரிலிருந்து வரவழைத்தாலும் சரி, முழு 500 கிராமையும் ஒரே லாட் எண்ணில் (ஒரே தடவை சாயம் ஏற்றிய தொகுதியில்) எடுத்துவிடுங்கள். லாட் மாறினால் வெள்ளையில்கூட பட்டை தெரியும்.

வேலூர் வெயிலுக்குப் போன்சோ எதற்கு என்று கேட்பவர்கள் காட்பாடியில் இரவு ரயிலின் ஏசி பெட்டியில் ஏறிப் பார்க்கட்டும். அதற்குப் பருத்தியே போதும். மார்கழி ஏலகிரிக்கு அடுத்ததை அக்ரிலிக்கில் 5 எம்.எம். ஊசியில் போடும் எண்ணம். எடை குறைவு, பருத்தி மாதிரி தன் கனத்தாலேயே கீழே இழுத்துத் தொங்காது.

பருத்தி அப்படித் தொங்கும் என்பதால் இதை 40க்குப் பதில் 38 சுற்றிலேயே நிறுத்தி, நனைத்து, பாயில் தட்டையாக விரித்து உலர்த்தி அளந்த பிறகுதான் குஞ்சம் கட்டப்போகிறேன். இன்னும் 16 சுற்று பாக்கி.