பாண்டுரங்கத்து ஈசனுக்கு ஒரு நேர்த்திக்கடன்

என் மகனுக்கு மூன்று வருஷம் முழங்கையெல்லாம் செதில் செதிலாக உரிந்தது. வைத்தீஸ்வரன் கோயிலில் உப்பும் மிளகும் போட்டுவிட்டு, "உடம்பு தெளிஞ்சா, இவன் எந்த ஊரில் இருக்கானோ அந்த ஊர்ச் சிவனை வந்து பார்க்கிறேன்" என்று வேண்டிக்கொண்டேன். தெளிந்தது. ஆனால் பிள்ளைக்கு வேலை கிடைத்தது வியட்நாமில் இருக்கிற சைகோனில்!

அங்கே நம்மவர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. போனேன், மனசு குளிர்ந்தது. நான் சொன்னது சிவனை அல்லவா? மகன்தான் தேடிச் சொன்னான்: "ஃபான் ராங்னு ஒரு ஊர்மா. பழைய பேர் பாண்டுரங்கம். இங்க ரொம்பக் காலமா இருக்கிற சாம் ஜனங்களோட கோயில். பேர் போ க்ளோங் கராய்." அந்தப் பெயரில் ஒரு ராஜா இருந்தானாம். உடம்பெல்லாம் புண். நாகம் நக்கி அழகனாகி, ஆற்றில் அணை கட்டி வயலுக்குத் தண்ணீர் விட்டானாம். அவனையே சிவனாக வைத்துக் கும்பிடுகிறார்கள். கேட்டதும் எனக்குப் புல்லரித்துவிட்டது.

சாம் ஜனங்களின் காதே திருவிழா அன்று போய்ச் சேர்ந்தோம். ரயில் நிலையத்துக்குப் பெயரே தாப் சாம், சாம் கோபுரம் என்று அர்த்தம். கோயில் பக்கத்தில்தான். அது எங்களுக்குத் தெரியாததால் ஒரு டாக்ஸிக்காரர் எங்களை ஊரெல்லாம் சுற்றிக்காட்டிக் காசு பிடுங்கினார். ஈசனைப் பார்க்க வந்த இடத்தில் சண்டை எதற்கு என்று கொடுத்துத் தொலைத்தேன்.

அந்த ஊரில் மழையே பெய்யாது போல. குன்றேறுவதற்குள் தொண்டை வறண்டது. மேலே செங்கல் கோபுரங்கள் மூன்று. 13ஆம் நூற்றாண்டுக் கடைசியில் சாம் ராஜா சிம்மவர்மன் கட்டத் தொடங்கியது. வாசலுக்கு மேலே ஆறு கைகளோடு ஆடுகிறார் நம் ஆள். 1832இல் வியட்நாம் ராஜா கடைசிச் சாம் நாட்டையும் விழுங்கிவிட்டார், சாம் ஜனங்கள் பூசையை மட்டும் விடவில்லை. சுவாமியின் பட்டு வஸ்திரத்தை மலையில் இருக்கும் ராக்லாய் ஜனங்கள் பத்திரமாக வைத்திருந்து ஊர்வலமாகக் கொண்டுவருகிறார்கள். ஊதுகிற குழலுக்குப் பெயர் சரணை!

கேமராக்காரர்கள் வாசலையே அடைத்துக்கொண்டார்கள். பூசாரி கதவைத் திறந்தபோது எனக்குத் தெரிந்தது யாரோ ஒருவருடைய முதுகுப்பைதான். படையலில் கோழியும் ஆடும் இருந்தன. எங்கள் ஊர் அய்யனாருக்கு இல்லாததா?

ஒரு சாம் பாட்டி என் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டாள். நாலு பேர் நின்றால் மூச்சு முட்டும் கருவறை, மெழுகுவர்த்தி வெளிச்சம். லிங்கத்தில் முகம். மீசை வைத்த, கண் திறந்த முகம். பூசாரி தண்ணீர் ஊற்றித் துடைக்கிறார், குழந்தைக்கு முகம் கழுவுகிற மாதிரி. பக்கத்தில் இரண்டு தந்தி வாத்தியத்தை இழுத்தபடி ஒருவர் பாடுகிறார். ஒரு வார்த்தை புரியவில்லை, அழுகை மட்டும் வந்தது.

அபிஷேகத் தண்ணீரை எல்லோரும் தலையில் தடவிக்கொண்டார்கள். பாட்டி என் உள்ளங்கையிலும் கொஞ்சம் விட்டாள். வெளியே ஓடிவந்து மகனுடைய சட்டைக் கையை மடக்கி முழங்கையில் தேய்த்தேன். "அம்மா, எல்லாரும் பாக்குறாங்க" என்றான். பார்க்கட்டும்.

கீழே இறங்க ஆரம்பித்த பிறகுதான், வைத்தீஸ்வரன் கோயில் விபூதி பிரிக்காமல் கைப்பையிலேயே இருப்பது ஞாபகம் வந்தது. திரும்ப ஏறினேன். கூட்டம் விடவில்லை. முன்மண்டபத்து நந்தியின் வாய்க்கு நேராக யாரோ புல் வைத்திருந்தார்கள். பொட்டலத்தைப் பிரித்து அதன் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.